ஒளிர்ந்துவிட்டால் சேர்ந்துவிட்டதா?

மருந்தாகச் செலுத்தப்படும் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் உயிருள்ள செல்லுக்குள் போய்ச் சேர்வதை ஒளிரும் சாயங்களைக் கொண்டு எவ்வாறு கண்காணிக்கிறார்கள் என்பது குறித்துப் பெங்களூரு வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் பேரன் பெல்லாரி சாலையில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். "ஆர்.என்.ஏ. செல்லுக்குள் போவதைப் பார்த்தேன் பாட்டி" என்று சொல்கிறான். அவ்வளவு சிறிய மூலக்கூறைப் பார்க்க முடியுமா? ஊசியில் ஏற்றிய மருந்து எப்படியும் உடம்பில் சேர்ந்துவிடாதா? அதைப் பின்தொடர வேண்டிய தேவை என்ன?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அல்சூர்

பதில்: உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன் அம்மா. நாம் வழக்கமாக விழுங்கும் மாத்திரைகளில் உள்ள மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. அவற்றுள் பல, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வின் ஊடாகத் தாமே கசிந்து உள்ளே போய்விடும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்ளிக் அமிலங்களின் நிலை வேறு. அவை அளவில் பெரியவை, எதிர் மின்னூட்டம் நிறைந்தவை. இரத்தத்திலும் திசுக்களிலும் அவற்றை நறுக்கிப்போடும் நொதிகள் ஏராளமாக உண்டு. ஆகவே ஆர்.என்.ஏ.வை அப்படியே செலுத்தினால் அதில் பெரும்பகுதி போகும் வழியிலேயே அழிந்துவிடும். அதனால்தான் அதைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் என்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (ஒரு மரபணுவின் செயலை அடக்கும் சிறு இரட்டை இழை ஆர்.என்.ஏ.) மருந்தும், கொரோனா காலத்தில் வந்த எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறியீட்டைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.) தடுப்பூசிகளும் இவ்வாறு பொதிந்தவையே.

அப்படிப் பொதிந்தும் பாதி வேலைதான் முடிகிறது. செல் தன் சவ்வை உட்புறமாக மடித்து, வெளியிலுள்ள துகளை ஒரு சிறு பைக்குள் அடைத்துக்கொள்கிறது. எண்டோசோம் எனப்படும் அந்தப் பை செல்லின் உட்பகுதியை நோக்கி நகர நகர அதற்குள் அமிலத்தன்மை கூடுகிறது. தொடக்கத்தில் 6-க்குச் சற்று மேலாக இருக்கும் பி.ஹெச். அளவு 5.5-ஐ ஒட்டி இறங்குகிறது. பை கடைசியில் லைசோசோம் என்ற செரிமான அறையோடு கலக்கும்போது 5-க்கும் கீழே போய்விடுகிறது. அதற்கு முன்பே ஆர்.என்.ஏ. பையைக் கிழித்துக்கொண்டு சைட்டோசால் எனப்படும் செல்லின் திரவப் பகுதிக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அது உணவுத் துணுக்கைப் போலச் செரிக்கப்பட்டுவிடும். மருந்து உடம்புக்குள் போயிருக்கும், செல்லுக்குள்ளும் போயிருக்கும், ஆனாலும் வேலை செய்திருக்காது. எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது என்று கண்டுபிடிக்காமல் அதைச் சீர்செய்ய வழியில்லை.

இப்போது முதல் ஐயம். உங்கள் பேரன் ஆர்.என்.ஏ.வின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதன் முனையில் ஒட்டிய சாயத்தின் ஒளியைப் பார்க்கிறார். ஒரு நிற ஒளியை உள்வாங்கி, சில நானோ நொடிகளுக்குள் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள இன்னொரு நிறத்தில் வெளியிடுவது உடனொளிர்வு. உட்செல்லும் ஒளியை வடிகட்டி நீக்கிவிட்டு வெளிவரும் நிறத்தை மட்டும் கேமராவில் பிடித்தால், கரிய பின்னணியில் ஒளிப்புள்ளிகள் தெரியும். 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் உள்ள சிற்றறையில், அடிப்பாகம் மெல்லிய கண்ணாடியால் ஆன தட்டில் செல்கள் உயிரோடு இருக்கும். துகள்களை ஊற்றிய சிறிது நேரத்தில் செல்லின் ஓரங்களில் புள்ளிகள் ஒட்டுகின்றன. பிறகு உட்புறமாக நகரத் தொடங்குகின்றன. அந்த நகர்வு சீராக இருப்பதில்லை. சற்று ஓடி, நின்று, பின்வாங்கி, மறுபடி ஓடுகின்றன. செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களின் மேல் இயக்கப் புரதங்கள் அந்தப் பைகளை இழுத்துச் செல்வதே இதற்குக் காரணம். சில மணி நேரத்தில் புள்ளிகள் உட்கருவைச் சுற்றி நெருக்கமாகக் குவிந்துவிடுகின்றன. உங்கள் பேரன் பார்த்ததாகச் சொல்வது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் காட்டிய படங்களில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள் ஒளிர்வதாகச் சொன்னார்கள். அந்த முறை வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?
– உயிர்வேதியியல் மாணவி, மல்லேஸ்வரம்

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் ஆண்டுக்கணக்கில் நேர்ந்துவரும் குழப்பம் இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரிடம் பொட்டலம் வந்ததுமே கைப்பேசியில் "சேர்ப்பிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பொட்டலம் நம் கைக்கு வந்திருக்காது. எண்டோசோமுக்குள் மின்னும் சிவப்புப் புள்ளியும் அப்படிப்பட்ட செய்திதான்.

புள்ளி புள்ளியாகத் தெரிவதே ஒரு சான்று. ஆர்.என்.ஏ. பையிலிருந்து வெளியே வந்திருந்தால் அது செல் முழுவதும் பரவி, மங்கலான, சீரான ஒளியாகத் தெரிய வேண்டும். ஒரு பையில் அடைபட்ட ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கண்ணைப் பறிக்கும் புள்ளியாக ஒளிர்கின்றன. அவையே செல்லெங்கும் கலந்துவிட்டால் பின்னணி இரைச்சலில் ஏறக்குறைய மறைந்துபோகின்றன. அழகான படத்தில் பளிச்சென்று இருப்பது சிக்கிக்கொண்ட பகுதி, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் மருந்தாக வேலை செய்யும் பகுதி. படத்தின் பிரகாசத்தை அளந்து வெற்றியை முடிவு செய்வது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

எவ்வளவுதான் வெளியே வருகிறது? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புத் துகள்களில் அனுப்பிய எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வை உடனொளிர்வைக் கொண்டும், தங்கத் துணுக்குகளை ஒட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பின்தொடர்ந்தார்கள். செல்லுக்குள் புகுந்ததில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே சைட்டோசாலை அடைந்தது. அதுவும் எண்டோசோம் முதிரும் ஒரு குறுகிய இடைவெளியில் மட்டுமே நடந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, உள்ளே போனதில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் செல் மீண்டும் வெளியே தள்ளிவிடுவதாகக் காட்டியது. நீங்கள் பார்த்த தொண்ணூறு சதவீதம், ஒளிரும் செல்களின் எண்ணிக்கை. பையை விட்டு வெளியேறிய ஆர்.என்.ஏ.வின் அளவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது கேட்பவரை ஏமாற்றிவிடும்.

வெளியேறும் கணத்தையே பிடிக்கவும் வழி உண்டு. எண்டோசோமின் உட்புறச் சவ்வில் உள்ள சர்க்கரைகள் சாதாரணமாகச் சைட்டோசாலுக்குத் தெரிவதில்லை. பை கிழிந்தால் அவை வெளிப்படும். உடனே கேலக்டின்-8 என்ற புரதம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்தோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்துச் செல்லில் உருவாக்கி வைத்தால், கிழிசல் விழுந்த இடத்தில் திடீரென்று ஒரு பச்சைப் புள்ளி முளைக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் இம்முறையில் பார்த்தபோது, பச்சைப் புள்ளி தோன்றும் அதே வேளையில் சிவப்புப் புள்ளியின் ஒளி குறைந்து, செல் முழுவதும் மெல்லிய சிவப்பு பரவியது. செல் துகளை உள்வாங்கிய 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இது நடந்து முடிந்தது. அவர்கள் கணக்குப்படி 2,000-க்கும் குறைவான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் சைட்டோசாலை அடைந்தாலே ஒரு மரபணுவை அடக்கப் போதுமானது. இவ்வளவு குறைவாக வெளியேறியும் மருந்து வேலை செய்வதன் காரணம் இதிலிருந்து புரிகிறது. வெளியேறும் அளவைச் சில மடங்கு உயர்த்தினாலும் மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் எவ்வளவு குறைக்கலாம் என்பதும் புரிகிறது.

இறுதிச் சான்று, சாயம் எதுவும் ஒட்டாத மருந்தின் விளைவு. பச்சை ஒளிர் புரதத்துக்கான குறியீட்டை எம்.ஆர்.என்.ஏ.வாக அனுப்பினால், சில மணி நேரத்தில் செல் பச்சையாக ஒளிர்வது அந்தச் செய்தி வாசிக்கப்பட்டதற்கு அத்தாட்சி. ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்த இந்தப் புரதத்துக்காக, அவரோடு மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருத்தரங்கில் அடுத்த முறை இத்தகைய படம் காட்டப்பட்டால், புரதம் எவ்வளவு உருவானது என்று எழுந்து கேளுங்கள். அது மரியாதைக்குறைவு ஆகாது.

கேள்வி: ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்தறிய முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஆர்.என்.ஏ. முழுதாக இருக்கிறதா, நறுங்கிப்போனதா என்பதை எப்படிச் சொல்ல முடிகிறது? சாயம் மட்டும் தனியாகக் கழன்று ஒளிரலாம் அல்லவா?
– ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர், ஜாலஹள்ளி

பதில்: உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது ஐயா. நொதிகள் ஆர்.என்.ஏ.வை நறுக்கிய பின்னும் சாயம் அழியாமல் செல்லுக்குள் தங்கி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு விடையாக வந்தது ஃபிரெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆற்றல் மாற்ற முறை. தியோடர் ஃபோர்ஸ்டர் 1948-இல் இதன் கோட்பாட்டை வகுத்தார். 1967-இல் ஸ்ட்ரையரும் ஹாக்லண்டும் இதை மூலக்கூறு அளவிலான அளவுகோலாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்றுக்குப் பச்சை ஒளியை உள்வாங்கும் சாயத்தையும், மற்றதற்குச் சிவப்பில் ஒளிரும் சாயத்தையும் அருகருகே ஒட்டுகிறார்கள். பச்சை ஒளியால் முதல் சாயத்தைத் தூண்டினால், அதன் ஆற்றல் பக்கத்தில் இருக்கும் இரண்டாவதுக்குத் தாவி, சிவப்பு ஒளி வெளிவரும். இழை நறுங்கிச் சாயங்கள் விலகிவிட்டால் சிவப்பு குறைந்து முதல் சாயத்தின் ஒளி ஏறும். தாவும் அளவு தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால், 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் தாவும் ஓர் இணை, 10 நானோமீட்டரில் 1.5 சதவீதம் மட்டுமே தாவும். நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாத தொலைவை நிறமாற்றத்தின் மூலம் அளந்துவிடுகிறோம்.

இதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே துகளுக்குள் பல ஆர்.என்.ஏ.க்கள் நெருக்கிப் பொதியப்பட்டிருந்தால், ஒன்றின் சாயத்திலிருந்து அடுத்ததன் சாயத்துக்கும் ஆற்றல் தாவும். அந்த நிலையில் ஃபிரெட் குறைவது துகள் பிரிந்ததைக் காட்டலாம், ஆர்.என்.ஏ. உடைந்ததைக் காட்டாமல் போகலாம். மேலும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. தன் வேலையைச் செய்யும்போதே இரண்டு இழைகளில் ஒன்று விலக்கப்படுகிறது. அதாவது, வெற்றியும் அழிவும் ஒரே நிறமாற்றத்தைத் தரக்கூடும்.

பொறியாளரான உங்களுக்கு இன்னொரு முறை பிடிக்கும் என்று நினைக்கிறேன். மேஜ், எல்சன், வெப் ஆகிய மூவர் 1972-இல் அறிமுகப்படுத்திய ஒளிர்வு ஏற்ற இறக்க முறை அது. டி.என்.ஏ.வோடு ஒட்டும் எத்திடியம் புரோமைடு சாயத்தைத்தான் அவர்கள் முதலில் ஆராய்ந்தார்கள். லேசர் கற்றையை ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ லிட்டர் (லிட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கொள்ளளவுக்குள் குவிக்கிறார்கள். ஒரு நானோமோலார் அளவுக்கு மிகவும் நீர்த்த கரைசலாக இருந்தால், எந்த ஒரு கணத்திலும் அந்த இடத்தில் சராசரியாக 0.6 மூலக்கூறுதான் இருக்கும். மூலக்கூறுகள் உள்ளே வருவதும் போவதுமாக இருப்பதால் ஒளி நடுங்கிக்கொண்டே இருக்கும். பிற அளவீடுகளில் நாம் இரைச்சல் என்று வடிகட்டி எறியும் அந்த நடுக்கமே இங்கே தகவல். அதன் தன்னொப்புமையை, அதாவது ஒரு கணத்து ஒளி அடுத்தடுத்த கணங்களின் ஒளியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை, கணக்கிட்டால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும், அவை பரவும் வேகமும் கிடைக்கின்றன. துகளுக்குள் அடைபட்டது மெதுவாகக் கடக்கும், தனித்த ஆர்.என்.ஏ. விரைவாகக் கடக்கும், கழன்ற சாயம் இன்னும் விரைவாகக் கடக்கும். இரு நிறங்கள் ஒன்றாகவே நடுங்குகின்றனவா என்று பார்த்தால், இரு சாயங்களும் இன்னும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். என் கருத்தில், படமே இல்லாத இந்த அளவீடு பல வண்ணப் படங்களைவிட நம்பத்தக்கது.

கேள்வி: இந்த ஒளிரும் சாயங்களை நோயாளிகளின் உடம்பிலும் செலுத்துவார்களா?
– சிவாஜி நகர் வாசகர்

பதில்: இல்லை. மருந்தாக விற்பனைக்கு வரும் நியூக்ளிக் அமிலங்களில் இச்சாயங்கள் இருப்பதில்லை. இந்தக் கண்காணிப்புக்காக ஆய்வுக்கூடச் செல்களிலும் ஆய்வு விலங்குகளிலும்தான் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: ஆர்.என்.ஏ. தடுப்பூசி வெகு விரைவில் வந்துவிட்டது. புனேயில் உருவான இந்திய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கும் 2022-இல் அவசரகால ஒப்புதல் கிடைத்தது. அதைவிட உறுதியான டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் அனுப்புவது மட்டும் ஏன் கடினமாக இருக்கிறது?
– மருந்தாளுநர், அல்சூர்

பதில்: எம்.ஆர்.என்.ஏ.வுக்குச் சைட்டோசாலே போதும், அங்கேயே வாசிக்கப்பட்டுவிடும். டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளும் போக வேண்டும். இதன் கடினத்தை அளந்து காட்டியதும் உடனொளிர்வுதான். ஒளிரும் டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் நுண்ணூசியால் செலுத்தி, ஓரிடத்தில் மட்டும் கடும் லேசர் ஒளியால் சாயத்தை அணைத்துவிட்டு, சுற்றியுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் அந்த இருண்ட இடத்துக்கு எவ்வளவு விரைவில் வந்து நிரப்புகின்றன என்று பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில், சிறு துண்டுகள் எளிதாக வந்து நிரப்பின. 2,000 கார இணைகளுக்கு (டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு) மேற்பட்ட நீளமுள்ளவையோ, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் ஏறக்குறைய அசையவே இல்லை. மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.க்கள் பெரும்பாலும் இதைவிட நீளமானவை. எண்டோசோமிலிருந்து தப்பினாலும் அவை விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. செல் பிரியும்போது உட்கருவின் உறை கலைவதால்தான் பல சமயங்களில் அவற்றுக்கு உள்ளே போக வாய்ப்புக் கிடைக்கிறது. பிரியாத நரம்பு செல்களில் இந்த வாய்ப்பும் இல்லை.

கேள்வி: இவ்வகைச் சோதனைகளை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். எதில் கூடுதல் கவனம் வேண்டும்?
– ஆராய்ச்சி மாணவர், யஷ்வந்த்பூர்

பதில்: முதலாவதாக, செல்களை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திவிட்டுப் படம் எடுத்து முடிவுக்கு வராதீர்கள். செல்லுக்குள் ஊடுருவும் பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) நேராக உட்கருவுக்குள் போவதாகப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. பதப்படுத்தும்போது சவ்வுகள் பழுதாகிப் பெப்டைடு இடம் மாறியதே அந்தத் தோற்றத்துக்குப் பெரும் காரணம் என்று 2003-இல் வெளிவந்த மறு ஆய்வு காட்டியது. உயிருள்ள செல்களில் பார்த்தபோது அவை எண்டோசோம்களில்தான் இருந்தன.

செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் துகள்களைக் கணக்கிலிருந்து நீக்குவது அடுத்த வேலை. ஃப்ளூரசீன் போன்ற பச்சைச் சாயமாக இருந்தால் டிரிப்பன் புளூ என்ற நீலச் சாயத்தைச் சேர்த்து வெளிப்புற ஒளியை அணைத்துவிடலாம், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அதே ஃப்ளூரசீன் அமிலத்தில் மங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். ஒளி குறைந்தது ஆர்.என்.ஏ. குறைந்ததாலா, பை அமிலமானதாலா என்று பிரித்தறிய, பி.ஹெச். அளவுக்கு மாறாத இன்னொரு சாயம் உடன் இருக்க வேண்டும். எதுவும் செலுத்தாத செல்லையும் அதே அமைப்பில் படமெடுத்து வையுங்கள், ஏனெனில் செல்களுக்கு இயற்கையாகவே பச்சைப் பகுதியில் ஒளிர்வு உண்டு. சாயம் ஒட்டிய பின்னும் உங்கள் ஆர்.என்.ஏ. பழையபடி வேலை செய்கிறதா என்பதையும் தனியே சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ஒளியின் அளவு. கடும் ஒளி பட்டால் சாயங்கள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜனை உண்டாக்கும், அது எண்டோசோம் சவ்வைக் கிழித்துவிடும். இதையே வேண்டுமென்று பயன்படுத்தி மருந்தை வெளியேற்றும் முறையும் இருக்கிறது. ஆகவே திரையில் நீங்கள் கண்டு மகிழும் வெளியேற்றம் உங்கள் லேசரால் நிகழ்ந்ததாகவும் இருக்கலாம். ஒளி படாமல் வைத்திருந்த தட்டிலும் மரபணு அதே அளவு அடங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: இந்தத் துறையில் நம் பெங்களூருவின் பங்கு என்ன?
– ஜெயநகர் வாசகி

பதில்: பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் யமுனா கிருஷ்ணன் குழுவினர், சத்யஜித் மேயர் குழுவினருடன் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அவர்கள் டி.என்.ஏ.வையே ஒரு நுண்கருவியாக அமைத்தார்கள். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மிகுந்த இழைகள் அமிலத்தில் மடிந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், அமிலம் நீங்கினால் விரியும். மடியும்போது நெருங்கிவரும்படி இரு சாயங்களை அதில் பொருத்தினார்கள். நான் மேலே சொன்ன ஃபிரெட் இங்கே அமிலமானியாக மாறியது. பழ ஈயின் இரத்த செல்கள் அந்த டி.என்.ஏ.வை உட்கொண்டபோது, எண்டோசோம்கள் முதிர முதிர அவற்றின் பி.ஹெச். எவ்வாறு இறங்குகிறது என்பதை உயிருள்ள செல்லிலேயே இடம்வாரியாகவும் நேரம்வாரியாகவும் வரைந்து காட்டினார்கள். 2011-இல் உயிருள்ள சிறு புழுவின் உடலுக்குள்ளும் அது செயல்படுவது காட்டப்பட்டது.

மருந்தைச் சுமக்கும் கொழுப்பு மூலக்கூறு இரத்தத்தில் மின்னூட்டமின்றி இருந்து, அமிலத்தில் நேர் மின்னூட்டம் பெற்றுச் சவ்வைக் கிழிக்க வேண்டும். இப்போது பயன்பாட்டில் உள்ளவை பெரும்பாலும் பி.ஹெச். 6-க்கும் 7-க்கும் இடையில் அந்த மாற்றத்தை அடையும்படி வடிவமைக்கப்பட்டவை. எண்டோசோம் எந்த நிமிடத்தில் எந்த அமில அளவை எட்டுகிறது என்ற அளவீடு அந்த வடிவமைப்புக்கு நேரடியாகப் பயன்படுகிறது.